மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் போனால் மைலேஜ் விழுகிறதே, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கோளாறா?

இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டாம். முதலில் 120-ஐ 90 ஆக்கிப் பாருங்கள். ஊருக்குள் லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் சென்னை–திருச்சி சாலையில் 13 தருகிறது என்றால், பெரும்பாலும் காற்றுத்தடைதான். வேகத்தின் வர்க்கத்தில் அது ஏறும். 90-ஐவிட 120-இல் ஏறக்குறைய 1.8 மடங்கு. மேலே கேரியரும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

டேங்கை ஆட்டோ கட் வரை, அதாவது பங்க் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டாப் கியரில் 90-இலேயே போய்வாருங்கள். அதே பங்க்கில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை லிட்டரால் வகுங்கள். டிஸ்ப்ளே எண்ணை நான் நம்புவதில்லை.

120-க்குப் பதில் 90-இல் போனால் சென்னை–திருச்சி 330 கிலோமீட்டருக்கு 55 நிமிடம் கூடும் என்பது காகிதக் கணக்கு. செங்கல்பட்டு நெரிசலில் யார் 120-இல் போகிறார்கள்?

90-இலும் மைலேஜ் ஏறாவிட்டால் டயர் காற்றையும், பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், வலது தடத்தில் மட்டும் 90-இல் உருட்டாதீர்கள்.