பசியையும் தீர்க்காது, நோயையும் தீர்க்காது. பிறகு கலை எதற்கு?

கேள்வி: கலை வயிற்றை நிரப்புவதில்லை, நோயைக் குணமாக்குவதில்லை. இருந்தும் கலை இல்லாத மனிதக் கூட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை. மனித வாழ்க்கையில் அதன் நோக்கம்தான் என்ன? இதைப் பற்றிக் கோட்பாடுகள் உண்டா?

கோட்பாடுகளுக்குப் பஞ்சமே இல்லை. பிளேட்டோ காலத்திலிருந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டு குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் பாடப்புத்தகம் ஆகிவிடும் என்பதால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் உணர்ச்சி நம்மைப் பிடித்து ஆட்டும்போது அதை நம்மால் பார்க்க முடிவதில்லை. அதற்கு ஓர் உருவம் கொடுத்து, எதிரே நிறுத்தி, நிதானமாகப் பார்க்க வைப்பதுதான் கலையின் முதல் வேலை. கலையால் வேறு பல நன்மைகளும் உண்டு. ஆனால் அவற்றையெல்லாம் வேறு வழிகளிலும் அடையலாம். இந்த ஒன்றை மட்டும் கலையை விட்டால் வேறெதுவும் செய்வதில்லை.

கலைமீது முதல் பெரிய வழக்கைத் தொடுத்தவர் பிளேட்டோ. ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் கட்டில் உதாரணம் வருகிறது. கட்டில் என்கிற மூலக் கருத்து ஒன்று. அதைப் பார்த்துத் தச்சர் செய்யும் கட்டில் இரண்டாவது. தச்சர் செய்ததைப் பார்த்து ஓவியர் தீட்டுவது மூன்றாவது. ஆக, கலை உண்மையிலிருந்து எட்டத்தில் நிற்கும் நகல். பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். எனக்கு இது அவ்வளவு வலுவான குற்றச்சாட்டாகப் படவில்லை. அதே பகுதியில் சற்றுத் தள்ளி வருவதுதான் உண்மையிலேயே சுடுகிறது. சொந்த வாழ்க்கையில் வாய்விட்டு அழ வெட்கப்படுகிற மனிதன், நாடகத்தில் ஒருவன் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதை ரசிக்கிறான். வாடவிட வேண்டிய உணர்ச்சிகளுக்குக் கவிதை தண்ணீர் ஊற்றி வளர்க்கிறது என்கிறார். அத்தோடு கதவை முழுக்கச் சாத்திவிடவும் இல்லை. கவிதை இன்பம் தருவது மட்டுமல்ல, வாழ்க்கைக்குப் பயனுள்ளதும்கூட என்று யாராவது உரைநடையில் வாதாடினால் கேட்கத் தயார் என்கிறார். நீங்கள் கேட்டிருப்பது ஏறக்குறைய அதே கேள்விதான்.

அரிஸ்டாட்டில் பதில் சொன்னார். ‘கதார்சிஸ்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: துன்பியல் நாடகம் இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றைக் கழுவிவிடுகிறது என்பார்கள். ‘கவிதையியல்’ நூலில் துன்பியலுக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில் அது போகிற போக்கில் வருகிறது, விளக்கமே இல்லாமல். கழிவை வெளியேற்றுவதா, தூய்மைப்படுத்துவதா, தெளிவுபடுத்துவதா என்று அறிஞர்கள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். நான் அந்தச் சண்டைக்குள் போவதில்லை. அதற்கு முன்பே நான்காம் அதிகாரத்தில் அவர் சொன்ன ஒன்று எனக்குப் போதும்: நேரில் காணச் சகிக்காத பொருள்களை, அருவருப்பான விலங்குகளையும் பிணங்களையும்கூட, துல்லியமாக வரைந்து காட்டினால் நாம் விரும்பிப் பார்க்கிறோம், ஏனென்றால் பார்க்கும்போதே ஒன்றை அறிந்துகொள்கிறோம். நேரில் முகத்தைத் திருப்பிக்கொள்பவன் படத்தில் உற்றுப் பார்க்கிறான். கலையைப் பற்றி இதைவிட முக்கியமான கவனிப்பு அதிகம் இல்லை என்பேன்.

நம் பக்கத்தில் தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, வகுக்கிறது. ‘உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல் மெய்ப்பாடு’ என்கிற, செயிற்றியம் என்ற பழைய நாடக நூலின் சூத்திரத்தை உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். நடிப்பவனிடம் இருப்பது பார்ப்பவனிடம் போய்ச் சேர்கிறது. சரி, எந்த வடிவில் சேர்கிறது? பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு உரை எழுதிய காசுமீரத்து அபிநவகுப்தர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைத் துருவியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது காளிதாசனின் சாகுந்தலத்தில் வரும் மான். துரத்தி வரும் தேரைக் கழுத்தை வளைத்துத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. அம்பு விழப்போகிறது என்ற பயத்தில் பின்னுடல் முன்னுடலுக்குள் ஒடுங்குகிறது. களைப்பில் திறந்த வாயிலிருந்து பாதி மென்ற தர்ப்பை வழியெல்லாம் சிந்துகிறது. இதைக் கேட்கிறவனுக்கு ஏற்படுவது யாருடைய அச்சம்? அவனுடையது இல்லை, அவனை யாரும் துரத்தவில்லை. குறிப்பிட்ட ஒரு மானுடையதும் இல்லை. அப்படி ஒரு மான் எங்கும் ஓடவில்லை. இடமும் காலமும் ஆளும் கழன்றுபோய் அச்சம் என்பது மட்டும் கண்முன் நிற்கிறது. என் பயம் என்றால் நான் ஓடுவேன். எதிரியின் பயம் என்றால் மகிழ்வேன். இரண்டும் இல்லாததால் அங்கேயே நின்று அதைச் சுவைக்க முடிகிறது. பிளேட்டோ கேட்ட வாதம் இதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீர் ஊற்றி வளர்ப்பதும் இல்லை, வாடவிடுவதும் இல்லை. முதன்முறையாக அதன் முழு உருவத்தைப் பார்க்கிறோம்.

டால்ஸ்டாய் 1890-களின் இறுதியில், கலை என்பது தொற்று என்றார். கலைஞன் தான் பட்ட உணர்ச்சியைப் பிறருக்குத் தொற்ற வைக்கிறான். அதனால் மனிதர்கள் ஒன்றுபடுகிறார்கள். இந்த அளவுகோலால் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைத் தள்ளினார், தன் சொந்தப் படைப்புகளிலும் பெரும்பாலானவற்றைத் தள்ளினார். துணிச்சல்காரர், ஆனால் அளவுகோல் சரியில்லை. தொற்றுவதுதான் கலை என்றால் நெரிசலில் பரவும் பீதியும் கலையாகிவிடும்.

இந்த இடத்தைத் தெளிவாக்கியவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் காலிங்வுட், 1938-இல். உணர்ச்சியைக் கிளப்பிவிடுவது வேறு, வெளிப்படுத்துவது வேறு என்கிறார். பிறரை அழவைக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு அதற்கான உத்திகளைப் போடுவது கைத்தொழில். வெளிப்படுத்துகிறவனுக்கோ தொடங்கும்போது தன்னை அழுத்துவது எதுவென்றே தெரியாது. ஏதோ ஒரு கலக்கம், அவ்வளவுதான். வேலை செய்யச் செய்யத்தான் அது என்னவென்று அவனுக்கே புலப்படுகிறது.

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1914-இல் உலகப்போர் வெடித்ததும் அவருடைய இளைய மகன் பீட்டர் படையில் சேர விரும்பினான். வயது போதாததால் தந்தையின் சம்மதம் வேண்டியிருந்தது. கணவர் கார்ல் மறுத்தார். கேத்தேதான் பேசி இணங்க வைத்தார். அந்த அக்டோபரிலேயே பீட்டர் பெல்ஜியத்தில் இறந்தான். வயது 18. சில வாரங்களுக்குள் மகனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்யத் திட்டமிட்டார். முதல் வடிவத்தில் மகன் நீட்டிப் படுத்திருக்கிறான், தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். வரவில்லை. மாற்றி மாற்றிப் பார்த்து 1919-இல் கைவிட்டார். பல ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தார். 1932-இல்தான் அது மகன் புதைக்கப்பட்ட போர்க்கல்லறையில் நிறுவப்பட்டது. இப்போது அதில் மகன் இல்லை. தந்தையும் தாயும் தனித்தனிப் பீடங்களில் மண்டியிட்டிருக்கிறார்கள், நடுவே இடைவெளி. தந்தை தன் கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து பார்க்கிறார். தாய் குனிந்து சுருண்டிருக்கிறார். முகங்கள் கார்லுடையதும் கேத்தேயுடையதும்தான். மகனைப் போற்றத் தொடங்கிய வேலை, மன்னிப்புக் கேட்கும் இருவரில் வந்து நின்றதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்துக்கு வந்துசேர ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. மன ஆறுதல்தான் கலையின் பயன் என்பவர்கள் இந்தச் சிலைகளைச் சற்று நேரம் பார்க்க வேண்டும்.

இதையே ஐந்து அடிகளில் செய்தது புறநானூற்றின் 112-ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்’ என்று தொடங்கும். கண்ணீர், அழுகை, துயரம் என்று ஒரு சொல் அதில் கிடையாது. அன்றைய நிலவில் எந்தை இருந்தார், எங்கள் குன்றும் பிறரிடம் போகவில்லை. இன்றைய நிலவில் குன்றையும் வேந்தர் கொண்டார், எந்தையும் இல்லை. அவ்வளவே செய்தி. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தந்தை, பிறகு குன்று. இரண்டாம் முறை குன்று, பிறகு தந்தை. சொல்ல முடியாததைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, ‘யாம் எந்தையும் இலமே’ என்று பாட்டு நின்றுவிடுகிறது. என் தந்தை இறந்த நாள்களில் வந்தவர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் மனதில் ஏறவில்லை. இந்த வரிசை ஏறியது. துக்கம் குறையவில்லை. அது இன்ன வடிவில் இருக்கிறது என்று தெரிந்தது.

கலை மனிதனை நல்லவனாக்கும் என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதிகளைக் கொண்டே இசைக்குழுக்கள் வைத்திருந்தார்கள். அதிகாரிகள் உட்கார்ந்து கேட்டு ரசித்தார்கள். அதே ஆட்சி 1937-இல் மியூனிக்கில் ‘சீர்கெட்ட கலை’ என்று தனிக் கண்காட்சி நடத்தி நவீன ஓவியங்களை ஏளனம் செய்தது. ரசனை இருந்தது, கலையின் வலிமையும் தெரிந்திருந்தது, ஈரம் இல்லை. கலை ஒன்றைக் காட்டும். கண்டவன் என்ன செய்வான் என்பது அவன் பாடு.

எதிர்க்கோடியில் ‘கலை கலைக்காகவே’ கட்சி இருக்கிறது. பிரெஞ்சுக் கவிஞர் கோத்தியே 1835-இல், வீட்டிலேயே மிகப் பயனுள்ள இடம் கழிவறைதான் என்று கிண்டலடித்தார். பயன் பயன் என்று உயிரை வாங்குபவர்களுக்கு அது சரியான அடி. அதைக் கோட்பாடாக நீட்டினால் தாங்காது.

உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் 1997-இல், இசை காதுக்கான கேக் என்றார். அதாவது வேறு தேவைகளுக்காக உருவான மூளைக்குக் கிச்சுகிச்சு மூட்டி இன்பம் தருவது, பரிணாமத்தில் அதற்கென்று தனி வேலை இல்லை. ஜெர்மனியில் ஒரு குகையில் கழுகு எலும்பில் ஐந்து துளையிட்ட புல்லாங்குழல் கிடைத்திருக்கிறது. 35,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. உறைபனிக் காலத்தில் உயிர்பிழைப்பதே பெரும்பாடாக இருந்தவர்கள் அத்தனை நுணுக்கமாகத் துளையிட்டார்கள் என்றால், வெறும் இனிப்புக்காக என்று நம்பக் கடினமாக இருக்கிறது. மறுபக்கம், உலக சுகாதார அமைப்பு 2019-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கலை உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவுவதாக அறிக்கை வெளியிட்டது. நல்லது. ஆனால் தினமும் நடந்தாலும் உடம்புக்கு நல்லதுதான். அந்தக் காரணத்துக்காக யாரும் கவிதை எழுத உட்காருவதில்லை.

பிரெஞ்சுக் கலைஞர் டூஷாம்ப் 1917-இல் ஒரு சிறுநீர்க் கோப்பையைக் கண்காட்சிக்கு அனுப்பிய பிறகு, கலையுலகம் எதைக் கலை என்று ஏற்கிறதோ அதுவே கலை என்கிற கோட்பாடுகள் வந்தன. அவை ‘எது கலை’ என்பதற்கு விடை. ‘எதற்குக் கலை’ என்று கேட்டவருக்கு அவற்றால் உதவி இல்லை.

என் விடையிலும் ஓட்டை உண்டு. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் சுமார் 75,000 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு காவிக்கல்லில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் கீறியிருக்கிறார்கள். பானையின் கழுத்தில் ஓடும் வரிகள், பாயிலும் கம்பளத்திலும் வரும் கட்டங்கள் எல்லாம் அதே குடும்பம். அவற்றில் எந்தத் துயரமும் அச்சமும் உருவம் பெறவில்லை. அங்கே, கலையின் தோற்றத்தை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் எல்லன் டிசநாயக்க சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: சாதாரணப் பொருளைச் சாதாரணமாக விட மனமில்லாமல் சிறப்பாக்குவது மனிதனின் இயல்பு என்கிறார். நான் சொன்னது அந்த இயல்பு துயரத்தின்மீதும் அச்சத்தின்மீதும் திரும்பும்போது நடப்பது. கோடு கீறியவரைப் பற்றி அறிய வேண்டுமென்றால் டிசநாயக்கவைத்தான் படிக்க வேண்டும்.