ரெண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகுக்குப் பின்னால மாட்டுற என்ஜின்): கேளுங்க, சொல்றேன்

குளச்சல் தம்பி: அண்ணே, பிஸ்டன் சிலிண்டர்ல இறுகிப் பிடிச்சு, சிலிண்டர போர் பண்ணி (உள்ள கடைஞ்சு) புதுசு போட்டோம், ஒரு வாரத்துல திரும்ப பிடிச்சிருச்சு. பிஸ்டன் மட்டமா?

பதில்: முதல் தடவ ஏன் பிடிச்சுதுன்னு பாத்தீங்களா தம்பி? அத பாக்காம எத்தன பிஸ்டன் போட்டாலும் காசுதான் போகும். பழைய பிஸ்டன தூக்கிப் போடாதீங்க, எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. சுத்தி நாலு பக்கமும் கீறல்னா பெரும்பாலும் சூடு ஏறியிருக்கு, கூலிங் தண்ணி சரியா போகல. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தா ஆயில் பத்தல, இல்லன்னா கிராங்க் சீல் (கிராங்க் தண்டு ஓரத்துல காத்து புகாம அடைக்கிற வளையம்) வழியா காத்து இழுத்து மிக்ஸர் லீன் ஆயிருக்கு, அதாவது காத்து கூடி பெட்ரோல் குறைஞ்சிருக்கு. என்ஜின பிரிச்சா சீல கண்டிப்பா மாத்திருங்க, அதுல மிச்சம் பிடிக்கவே கூடாது. அப்புறம் ரிங் மாட்டும்போது பள்ளத்துல ஒரு குட்டி பின் இருக்கும் பாருங்க, ரிங்கோட வாய் அதுலதான் உக்காரணும், இல்லன்னா போர்ட்டுல (சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஓட்டை) மாட்டி ஒடஞ்சிரும். போர் பண்ண கையோட போர்ட் விளிம்புல இருக்கிற கூர எடுத்துவிடச் சொல்லுங்க.

முட்டத்துலேர்ந்து: ஆயில் எவ்வளவு ஊத்தணும்?

பதில்: பெட்ரோல் மோட்டார்னா பெரும்பாலும் 50க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில். புதுசா கட்டுன என்ஜினுக்கு முதல் 10 மணி நேரம் லிட்டருக்கு 40 மில்லி, அந்த நேரத்துல ஃபுல் த்ராட்டில்லயே வச்சு ஓட்டாதீங்க. மேனுவல்ல வேற அளவு போட்டிருந்தா அதுதான் கணக்கு. டிசி-டபிள்யூ3 (TC-W3)ன்னு போட்ட ஆயில் வாங்குங்க, பைக் ஆயில் வேண்டாம்.

தூத்துக்குடி: மண்ணெண்ணெய் மோட்டார் காலைல ஸ்டார்ட்டே ஆகல.

பதில்: கரைய நெருங்கும்போதே பெட்ரோலுக்கு மாத்தி கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துங்க. மண்ணெண்ணெய் குளிர்ல ஆவியாகாது, கார்புரேட்டர்ல அது நின்னா காலைல கயித்த இழுத்து இழுத்து கைதான் வலிக்கும்.

இன்னொருத்தர்: மோட்டார் கடல்ல விழுந்துருச்சு, எடுத்துட்டோம். காய வச்சிருக்கோம்.

பதில்: ஐயோ, காய வைக்காதீங்க! காத்து பட்டதும் பேரிங் துரு பிடிக்க ஆரம்பிச்சிரும். உடனே நல்ல தண்ணில கழுவி, பிளக்க கழட்டி, கயித்த மெதுவா இழுத்து தண்ணிய வெளியேத்துங்க. இழுக்கும்போது இறுகுனா நிறுத்திருங்க, உள்ள மணல் இருக்கும். நல்லா சுத்துனா சிலிண்டர்ல ஆயில் விட்டு அன்னைக்கே ஸ்டார்ட் பண்ணணும். அன்னைக்கு முடியலன்னா டிரம்ல நல்ல தண்ணி நிரப்பி முழுசா முக்கி வச்சுட்டு மெக்கானிக்க கூப்பிடுங்க.

குளச்சல் தம்பி: அண்ணே, நீங்க சொன்னப்புறம் பாத்தேன், மோட்டார் பக்கத்துல பீச்சுற கூலிங் தண்ணி நூலாத்தான் வருது.

பதில்: அதான் தம்பி! முதல்ல அந்த ஓட்டைல கம்பி விட்டுப் பாருங்க. அடைப்பு இல்லன்னா கியர் கேஸ இறக்கி இம்பெல்லர (தண்ணி ஏத்துற ரப்பர் சக்கரம்) மாத்துங்க, பழசுல றெக்க ஒடஞ்சிருந்தா அந்த ரப்பர் துண்டு மேல பைப்ல மாட்டியிருக்கும், தேடி எடுக்காம மூடிராதீங்க.