வாசலே இல்லாத பல்கலைக்கழகம்

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக இத்தாலி போனபோது பொலோனியாவில் ஒரு பகல் கிடைத்தது. ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் அங்கேதான் என்று படித்திருந்ததால் பெரிய வாசல், மைதானம், மணிக்கூண்டு என்று தேடி அலைந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. போகிற தெருவெல்லாம் வளைவு வளைவாகத் தாழ்வாரங்கள்தான். அந்தப் பல்கலைக்கழகம் எங்கேதான் இருக்கிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பகல் முழுக்க அதற்குள்தான் நடந்திருக்கிறீர்கள்.

1088-ல் தொடங்கியது என்பார்கள். அந்த வருடமே 19-ஆம் நூற்றாண்டில் விழா எடுப்பதற்காக முடிவுசெய்தது, அதை விடுங்கள். பல நூற்றாண்டுகள் அதற்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. ஆசிரியர் வீட்டிலோ வாடகைக் கூடத்திலோ பாடம் நடந்தது. சட்டம் படிக்க வெளியூர்களிலிருந்து வந்த மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து, ஆசிரியரைத் தாங்களே அமர்த்திப் பணமும் கொடுத்தார்கள். ரெக்டர் எனப்பட்ட தலைவரும் ஒரு மாணவர்தான். வகுப்புக்குத் தாமதமாக வந்தாலும், மணி அடித்த பிறகு இழுத்துக்கொண்டே போனாலும் ஆசிரியருக்கு அபராதம். (எனக்கு இரண்டு பேர் முகம் ஞாபகம் வருகிறது.)

சரி, வந்தவர்கள் எங்கே தங்குவது? வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப்பக்கம் நீட்டி அறை எடுத்தார்கள். நீட்டியது சரியாமலிருக்கக் கீழே மரத்தூண்கள். அப்படி உண்டானதுதான் தாழ்வாரம். பல ஊர்களில் இதை ஆக்கிரமிப்பு என்று அகற்றினார்கள். பொலோனியாவோ 1288-ல் தாழ்வாரம் இல்லாமல் வீடு கட்டக்கூடாது என்றே சட்டம் போட்டது. குதிரைமேல் வருபவர் தலை இடிக்காத உயரம் வேண்டும். இடம் வீட்டுக்காரருடையது, செப்பனிடுவதும் அவர் தலையில், நடக்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும். இன்று மொத்தம் 62 கிலோமீட்டர்.

கட்டடம் ஒருவழியாக 1563-ல் வந்தது, ஆர்க்கிஜின்னாசியோ என்ற பெயரில். சிதறிக் கிடந்த வகுப்புகளைப் போப்பாண்டவரின் ஆட்சி ஒரே கூரைக்குள் சேர்த்தது. கண்காணிக்கவும் தோதாக இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். இன்று அது நகர நூலகம். சுவரிலும் விதானத்திலும் பழைய மாணவர்களின் குலச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உள்ளே மரத்தாலான உடற்கூற்று அரங்கு. நடுவில் பிணத்தைக் கிடத்தும் பளிங்கு மேஜை. ஆசிரியர் இருக்கைக்கு மேலுள்ள கூரையைத் தாங்கி நிற்பவை, தோலுரித்துத் தசை தெரிகிற இரண்டு மனித உருவங்கள், மரத்தில் செதுக்கியவை. பாடமும் அலங்காரமும் ஒன்றாகிவிட்ட இடம் அது. 1944-ல் குண்டு விழுந்து நொறுங்கியது. அப்புறம் இடிபாட்டில் பொறுக்கிய மரத்துண்டுகளையும் சேர்த்து மறுபடி எழுப்பினார்கள்.

ஆனாலும் அடுத்த முறை போனால் முதலில் மஜ்ஜோரே தெருவில் இசொலானி வீட்டைப் பாருங்கள். 13-ஆம் நூற்றாண்டு ஓக் தூண்கள் இன்னும் மாடியைத் தாங்குகின்றன. கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். நீங்கள் தேடிய வாசல் அந்த உயரத்தில்தான் இருந்தது.