இருவரும் இணங்கிய விவாகரத்து: செலவு எங்கே கூடுகிறது?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கணவரும் நானும் மூன்று ஆண்டுகளாகப் பிரிந்து வாழ்கிறோம். ஏழு வயதில் ஒரு மகள். விவாகரத்துக்கு இருவருக்கும் ஆட்சேபம் இல்லை. நொத்தாரிசிடம் உடன்படிக்கை எழுதினால் போதும், வழக்குச் செலவு மிச்சம் என்கிறார் உறவினர். சரியா?

பதில்: சரியல்ல. அந்தக் காகிதத்தில் எத்தனை கையெழுத்து இருந்தாலும் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவிதான். கண்டியச் சிங்களவருக்குரிய கண்டியச் சட்டப்படி பதிந்த திருமணத்தை இருவர் சம்மதத்தின் பேரில் மாவட்டப் பதிவாளரே கலைக்கலாம். உறவினர் அதைக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். உங்களுடையது பொதுத் திருமணப் பதிவுச் சட்டத்தின் கீழ் நடந்ததென்றால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போயே ஆகவேண்டும். அங்கே செல்லுபடியாகும் காரணங்கள் மூன்று: திருமணத்துக்குப் பின் பிறர் உறவு, வன்மமாகக் கைவிடல், திருமண வேளையிலேயே இருந்த, தீராத உடலுறவு இயலாமை. 'இருவரும் சம்மதம்' என்பது இந்தப் பட்டியலில் இல்லை.

ஆகவே ஒருவர் வழக்காளியாக வேண்டும்; மற்றவர் அழைப்பாணை பெற்று, எதிர்த்து வாதாடாமல் விடலாம். பிறர் உறவைக் காரணமாக வைத்தால் மூன்றாம் ஆளையும் வழக்கில் சேர்க்க நேரும். செலவும் கசப்பும் பெருகும். உங்களைப் போன்றவர்களின் வழக்குகள் பெரும்பாலும் கைவிடலின் மேல்தான் நிற்கின்றன. சாட்சிக் கூண்டில் கேட்கப்படுபவை எளிய கேள்விகளே: அவர் வீட்டை விட்டுப் போனது எப்போது, எதை எடுத்துப் போனார், திரும்பி வரும்படி அழைத்தீர்களா? உள்ளதை உள்ளபடி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். நடக்காத காரணத்தை இருவரும் பேசி ஜோடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். நீதிமன்றம் அதைக் கூட்டுச்சதியாகக் கண்டால் வழக்கே தள்ளுபடியாகலாம்.

பணம் கரைவது வழக்குத் தவணைகளில், அதாவது வழக்கு கூப்பிடப்படும் நாள்களில்தான். மகள் யாரிடம், மாதம் எவ்வளவு, வீடு யாருக்கு என்ற மூன்றும் முடிவாகாமல் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போனால் ஒவ்வொரு தவணைக்கும் கூலி கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். எனவே வழக்குப் போடுமுன் இவற்றைப் பேசி எழுத்தில் வையுங்கள். மகளைப் பார்க்கும் நாள்களையும் பாடசாலை விடுமுறையையும் கூடக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சண்டை வருவது அங்கேதான். 'சீக்கிரம் முடியட்டும்' என்று பிள்ளையின் தாபரிப்புப் பணத்தை (பராமரிப்புச் செலவை) விட்டுக்கொடுக்க வேண்டாம். அது அவளுடைய உரிமை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்திலும் கேட்கலாம். சீதன வீடோ காணியோ இருவர் பெயரில் இருந்தால், விவாகரத்து மட்டும் காணி உறுதியில் உள்ள பெயரை மாற்றிவிடாது. குடும்பம் வடக்கைச் சேர்ந்ததென்றால் அங்குள்ள தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையும் குறுக்கிடும். இதைச் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

எதிர்ப்பில்லாத வழக்குக்கு ஒரே சட்டத்தரணி போதும். தவணைக்கு இவ்வளவு என்றில்லாமல், தொடக்கம் முதல் இறுதித் தீர்ப்பாணை வரை மொத்தத் தொகை பேசுங்கள். அழைப்பாணை, மொழிபெயர்ப்பு, பிரதிகள் அதில் அடங்குமா என்று கேட்டுப் பற்றுச்சீட்டும் வாங்குங்கள். வருமானம் குறைவென்றால் கொழும்பிலேயே இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது அது. வருமானத்தைப் பார்த்தே உதவி வழங்குவார்கள் என்பதால் சம்பளச் சான்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

திருமணச் சான்றிதழின் பிரதியைப் பதிவு நடந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் நீங்களே எடுத்துவிடலாம். தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம். கொழும்பில் வழக்கு நடக்கும் மொழி உங்களுக்குப் புரியாவிட்டால், உரைபெயர்ப்பு கேட்பது அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமை. தயங்காமல் கேளுங்கள். புரியாத வாக்குமூலத்தில் கையெழுத்திடாதீர்கள்.

தீர்ப்பு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிடாது. முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணை. குறைந்தது மூன்று மாதம் கழித்தே அது இறுதியாகும். அதற்குள் மறுமணம் செய்தால் அது செல்லாது, குற்றமாகவும் ஆகலாம். இறுதித் தீர்ப்பாணையின் சான்றுப்படுத்திய பிரதிகளை நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் இரண்டு மூன்றாகவே பெற்றுவையுங்கள். மறுமணப் பதிவிலும் விசா விண்ணப்பத்திலும் கேட்பது அதைத்தான்.