விபத்துக்குப் பிறகு ஏறிய பிரஷர்: மாத்திரை எடுக்கலாமா?

தம்பி, உங்கள் பஸ்ஸில் பைக்காரர் மோதி இறந்து நாலு மாதம், அன்றிலிருந்து தூக்கமில்லை, பிரஷர் 160/100, மாத்திரை தொடங்கினால் ஆயுசுக்கும் விட முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவன். என் வண்டி முன்னாலும் ஒருவர் விழுந்தார். அந்தச் சத்தம் ஒரு வருஷம் காதை விட்டுப் போகவில்லை.

மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள். அளவு இறங்கினால் டாக்டரே குறைப்பார். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து. எனக்கு ஆம்லோடிபின் கொடுத்தார்கள், கணுக்கால் கொஞ்சம் வீங்கியது. சொன்னதும் வேறு மாற்றினார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

டிப்போவில் இறங்கிய சூட்டோடு, டீ குடித்துவிட்டுப் பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும். வீட்டில் 5 நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, இரண்டு முறை பார்த்து எழுதுங்கள். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் இருந்தால் (நம் வேலையில் யாருக்கு இல்லை?) டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவும் பிரஷரை ஏற்றும். ஊறுகாய், கருவாடு, அப்பளம் குறையுங்கள்.

ஆனால் உங்கள் பாரம் உப்பில் இல்லை. ஹாரன் கேட்டாலே கை நடுங்குகிறது என்கிறீர்களே, அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். நான் இரண்டு வருஷம் வீம்பாக இருந்து குடியில் விழுந்தேன். அது பிரஷரை இன்னும் ஏற்றியது.

180/120 தாண்டி நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல் வந்தால் யோசிக்காமல் 108. டிரிப்பை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.