மார்பகத்தை எடுக்காமல் சிகிச்சை செய்த பிறகு அதே மார்பகத்தில் புற்றுநோய் திரும்பி வந்தால், முதலில் எடுத்த முடிவு தப்பா?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: அக்காவுக்குச் சில வருடங்களுக்கு முன் மார்பகப் புற்றுநோய். கட்டியை மட்டும் அகற்றி ரேடியேஷன் கொடுத்தார்கள். இப்போது அதே மார்பகத்தில் மறுபடி வந்திருக்கிறது. "அப்பவே முழுசா எடுத்திருந்தா இது வந்திருக்காது" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்ல, அக்கா யாரிடமும் பேசுவதில்லை. இது பரவிவிட்டதாக அர்த்தமா, அடுத்து என்ன செய்வார்கள் என்றும் கேட்டிருக்கிறார்.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: அக்கா எடுத்த முடிவில் தப்பு எதுவும் இல்லை. எனக்கும் இதேதான் நடந்தது. இடது மார்பகத்தில் கட்டியை மட்டும் எடுத்தார்கள், ரேடியேஷன் முடித்தேன், சில வருடங்கள் நல்லபடியாகப் போயின, பிறகு அதே பக்கம் திரும்பி வந்தது. இரண்டாவது முறை மார்பகம் முழுவதையும் எடுத்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் "அப்பவே எடுத்திருந்தா" என்ற பேச்சு ஒருத்தியை எப்படி முடக்கிப் போடும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசி என்ற சர்ஜன் 1973-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். சிறிய கட்டி இருந்த 701 பெண்கள். ஒரு பிரிவினருக்கு மார்பகத்தோடு அடியில் இருக்கும் தசையையும் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) சேர்த்து எடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கட்டி இருந்த கால்பகுதியையும் அக்குள் நெறிகளையும் எடுத்து ரேடியேஷன் கொடுத்தார்கள். 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, மார்பகத்தைக் காப்பாற்றிய பிரிவில் 8.8 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் நோய் திரும்பியிருந்தது. முழுசாக எடுத்த பிரிவிலும் 2.3 சதவீதம் பேருக்கு அதே இடத்தில் திரும்பியிருந்தது. உயிர் பிழைத்தவர்களின் கணக்கில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976-ல் தொடங்கிய பெரிய ஆய்வும் 20 வருட முடிவில் இதையேதான் காட்டியது. இரண்டு முடிவுகளும் 2002-ல் வெளியாயின.

இதில் இரண்டு செய்தி இருக்கிறது. முழுசாக எடுத்தாலும் "இனி வரவே வராது" என்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. மார்புத் தோலிலோ தழும்பிலோ வரலாம். இரண்டாவது, மார்பகத்தில் திரும்பி வருவது சற்று அதிகம் என்பது உண்மை, ஆனால் அந்த வித்தியாசம் உயிர்க்கணக்கில் தெரியவில்லை. மார்பகப் புற்றுநோயில் உயிருக்கு ஆபத்து வருவது எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று வேறு இடங்களுக்குப் போன செல்களால். அவை கிளம்பியிருந்தால், பெரும்பாலும் முதல் ஆபரேஷனுக்கு முன்பே கிளம்பியிருக்கும். அன்றைக்கு மார்பகத்தை எவ்வளவு வெட்டினார்கள் என்பது அதை மாற்றியிருக்காது.

அதற்காக, திரும்பி வந்ததைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 17 ஆய்வுகளில் இருந்த 10,801 பெண்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2011-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கட்டியை மட்டும் எடுத்த பிறகு ரேடியேஷன் கொடுத்ததில், முதல் 10 வருடத்தில் நோய் எந்த இடத்திலாவது திரும்புவது 35 சதவீதத்திலிருந்து 19.3 சதவீதமாகக் குறைந்தது. அப்படித் தடுத்த ஒவ்வொரு நான்கு திரும்பலுக்கும், 15 வருடத்துக்குள் ஓர் உயிர் காப்பாற்றப்பட்டிருந்தது. அதாவது மார்பகத்துக்குள் நோயை அடக்கி வைப்பது முக்கியம்தான். ஃபிஷரின் ஆய்வில் ரேடியேஷன் இல்லாமல் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 39.2 சதவீதம் பேருக்கு அதே மார்பகத்தில் திரும்பியது. ரேடியேஷன் பெற்றவர்களில் 14.3 சதவீதம். அக்கா ரேடியேஷனை ஒழுங்காக முடித்திருக்கிறார் என்றால், அவர் பங்கைச் சரியாகச் செய்திருக்கிறார். வீட்டில் பேசுகிறவர்களிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். இளம் வயதில் வந்த நோய், வெட்டிய ஓரத்தில் செல் மிச்சமிருப்பது, கட்டியின் சுபாவம், இவைதான் திரும்பி வருவதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. அக்கா சாப்பிட்டதோ கவலைப்பட்டதோ வேலைக்குப் போனதோ காரணம் என்று யாரும் பேச வேண்டாம்.

இனி, பரவிவிட்டதா என்ற கேள்வி. அதே மார்பகத்தில் திரும்புவது வேறு, உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது வேறு. முதலாவது மட்டும்தான் என்றால் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை கொடுப்பார்கள். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கிற ஆட்களும் உண்டு. அதனால்தான் கத்தி வைப்பதற்கு முன்பு உடம்பு முழுவதையும் பார்க்கும் பெட் சிடி ஸ்கேன், அல்லது சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் எடுக்கச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், மொத்தத்தில் மிகக் கொடுமையான நாட்கள் அந்த ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவைதான். அந்த நாட்களில் அக்காவைத் தனியாக விடாதீர்கள்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிய கட்டி எதுவும் இல்லை. பழைய தழும்பின் உள் ஓரத்தில், குளிக்கும்போது சோப்பு வழுக்கும் விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிற மாதிரி ஒரு சின்ன முடிச்சு. விரலை எடுத்துவிட்டு மறுபடி தேடினால் கிடைக்காது. கையைத் தூக்கினால் அந்த இடத்துத் தோல் லேசாக உள்ளே இழுத்தது. ரேடியேஷன் வாங்கிய மார்பகம் எப்படியும் கொஞ்சம் இறுகித்தான் இருக்கும். ஆபரேஷன் நடந்த இடத்தில் கொழுப்பு செத்துப்போய்க் கட்டியாக உறைவதும் உண்டு, அதுவும் கைக்குக் கல் மாதிரியே தெரியும், ஆனால் அது புற்றுநோய் இல்லை. எனக்கே முதல் வருடத்தில் அப்படி ஒன்று வந்து, ஒன்றுமில்லை என்று ஆனது. கையால் தடவிப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. மேமோகிராமிலும் சில நேரம் தெளிவாகத் தெரியாது. கொஞ்சம் திசுவை எடுத்து லேபில் பார்க்கும் பயாப்ஸிதான் தீர்ப்பு. ஆறின பழைய தழும்பு வருடக்கணக்காக ஒரே மாதிரி இருந்துவிட்டு திடீரென்று மாறினால், அதைக் காட்டாமல் இருக்கக் கூடாது. தோல் தடிப்பதும் சிவப்பதும், காம்பு உள்ளே இழுப்பதும் அப்படித்தான். ரேடியேஷன் பட்ட தோலில் ரத்தம் கன்றிய மாதிரி ஊதா நிறத் திட்டு வந்தால் அதையும் உடனே காட்ட வேண்டும். ரேடியேஷனுக்குப் பல வருடம் கழித்து வருகிற, மிக அபூர்வமான வேறு ஒரு புற்றுநோய் அப்படித் தொடங்கும்.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் ஹார்மோன் ரிசப்டர் (ஹார்மோனால் கட்டி வளர்கிறதா என்று காட்டுவது), ஹெர்2 (சில கட்டிகளில் அதிகமாக இருக்கும் ஒரு புரதம்) இரண்டையும் புதிதாகப் பார்த்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். முதல் கட்டியில் இருந்தது இரண்டாவதில் மாறியிருக்கலாம். பழைய ரிப்போர்ட்டை வைத்து மருந்து முடிவு செய்யக் கூடாது. முதல் ஆபரேஷனின் திசு மெழுகு பிளாக்குகளாகப் பழைய லேபில் இருக்கும். அவற்றை வாங்கிப் புதியதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஏனென்றால் "திரும்பி வந்தது" என்று நாம் சொல்வதில் இரண்டு விதம் இருக்கிறது. பழைய கட்டியின் மிச்சம் அதே இடத்தில், பெரும்பாலும் முதல் சில வருடங்களுக்குள் வளர்வது ஒன்று. பல வருடம் கழித்து, அதே மார்பகத்தின் வேறு பக்கத்தில், வேறு சுபாவத்தோடு புதிதாகவே முளைப்பது இன்னொன்று. பொதுவாக இரண்டாவது விதத்துக்குப் பலன் மேல். சீக்கிரம் வந்ததைவிடத் தாமதமாக வந்தது நல்லது என்று டாக்டர்கள் சொல்வதன் காரணமும் பெரும்பாலும் இதுதான்.

சிகிச்சை என்றால் பொதுவாக மார்பகம் முழுவதையும் எடுக்கத்தான் சொல்வார்கள். ஒரு முறை முழு அளவு ரேடியேஷன் வாங்கிய மார்பகத்துக்கு மறுபடி முழு அளவு கொடுப்பது கஷ்டம். அதே நேரம், சிறிய ஒற்றைக் கட்டியாக, முதல் சிகிச்சைக்குப் பிறகு நல்ல இடைவெளி விட்டு வந்திருந்தால், மறுபடியும் கட்டியை மட்டும் எடுத்து, அந்தப் பகுதிக்கு மட்டும் ரேடியேஷன் கொடுக்கும் வழியும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 58 பெண்களிடம் இதைச் செய்து பார்த்ததில், 5 வருடத்தில் மூன்றாவது முறை திரும்பியது சுமார் 5 சதவீதம் பேருக்கு. சிறிய ஆய்வு, ஆனால் நம்பிக்கை தருகிறது. அக்காவுக்கு மார்பகம் முக்கியம் என்றால் இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்குக் கட்டி இருந்த விதத்துக்கு அது பொருந்தாது என்று சொன்னார்கள்.

முழுசாக எடுத்தால், ரேடியேஷன் பட்ட தோல் மெதுவாகத்தான் ஆறும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பயம் குறையும். எனக்கு டிரெயின் டியூப் நினைத்ததைவிட நீண்ட நாள் இருந்தது. இடுப்பில் தொங்கும் அந்தச் சின்னப் பந்தில் சேரும் நீர் அடர் சிவப்பிலிருந்து வெளிர் மஞ்சளாக மாறுகிறதா என்று தினமும் காலையில் அளந்து எழுதி வைப்பதை என் கணவர் வேலையாகவே எடுத்துக்கொண்டார். மார்பகத்தைத் திரும்ப அமைத்துக்கொள்ள விருப்பம் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்துவிட வேண்டும். ரேடியேஷன் பட்ட இடத்தில் சிலிகோன் பை வைத்தால் சுற்றிலும் இறுகிச் சிக்கல் வருவது அதிகம். வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து வைப்பது பெரிய ஆபரேஷன் என்றாலும் பெரும்பாலும் நன்றாக அமைகிறது. நான் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அது என் விருப்பம், அக்காவின் விருப்பம் வேறாக இருக்கலாம்.

கீமோ மறுபடி தேவையா என்பதற்கு எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. இதற்கென்றே நடந்த காலர் என்ற ஆய்வில் 162 பெண்கள். மார்பகத்திலோ மார்புச் சுவரிலோ அக்குள் நெறியிலோ மட்டும் திரும்பி, ஆபரேஷனில் முழுசாக எடுத்துவிட்டவர்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் ரிசப்டர் இல்லாத கட்டிக்குக் கீமோ கொடுத்ததில் 5 வருடம் நோயில்லாமல் இருந்தவர்கள் 67 சதவீதம். கொடுக்காதவர்களில் 35 சதவீதம். ரிசப்டர் இருந்தவர்களில் 70, 69 என்று கிட்டத்தட்ட சமம். அவர்களுக்கு ஹார்மோன் மாத்திரைதான் முக்கியம், முன்பு சாப்பிட்டதையே தொடராமல் மாற்றுவதும் உண்டு. ஹெர்2 இருந்தால் அதற்கென்று தனி மருந்து இருக்கிறது. ரிசப்டர் ரிசல்ட் வருவதற்கு முன்பே "கீமோ கட்டாயம்" என்றோ "தேவையே இல்லை" என்றோ அக்கம்பக்கத்தில் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

அக்காவிடம் நீங்கள் பேசும்போது ஒன்று மட்டும் பாருங்கள். "தைரியமா இரு" என்று எனக்கு எத்தனையோ பேர் சொன்னார்கள், அது எதற்கும் உதவவில்லை. என் தங்கை ஃபைலை வாங்கித் தேதி வாரியாக அடுக்கி, டாக்டரிடம் போகும்போது தானே கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரிதான் எனக்குத் தூக்கம் வந்தது. அக்காவின் முதல் ரிப்போர்ட், ரேடியேஷன் எவ்வளவு, எந்த இடத்துக்குக் கொடுத்தார்கள் என்ற சுருக்கம், ஆபரேஷன் குறிப்பு மூன்றும் இப்போது கையில் இருக்க வேண்டியவை. ரேடியேஷன் சுருக்கம்தான் பல வீடுகளில் காணாமல் போயிருக்கும், சிகிச்சை எடுத்த இடத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.

நோய் பரம்பரையாக வந்ததா என்று பார்க்கும் பிஆர்சிஏ மரபணு டெஸ்ட் இதுவரை செய்யவில்லை என்றால் இப்போது கேளுங்கள், முக்கியமாக அக்காவுக்கு இளம் வயதிலேயே முதல் முறை வந்திருந்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தாலோ. அதன் ரிசல்ட் மறுபக்க மார்பகத்தையும் சினைப்பையையும் பற்றிய முடிவுகளை மாற்றும். கூடப் பிறந்தவர் என்ற முறையில் உங்களுக்கும் அது பொருந்தும். அந்த ரிசல்ட்டுக்காகக் காத்திராமல், அக்காவுக்கு வந்த விவரத்தை உங்கள் டாக்டரிடம் இப்போதே சொல்லி, உங்களுக்கு மேமோகிராம் எந்த வயதில் தொடங்க வேண்டும் என்று கேட்டு வையுங்கள்.