குளிசைக்குப் பிறகு பீரியட்ஸ் பிந்தினால்…

கேள்வி: எனக்கு 27 வயது, 3 வயதில் ஒரு பிள்ளை. பீரியட்ஸ் தொடங்கி 12ஆம் நாள் ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் காலையே பாமசியில் அவசரக் கருத்தடைக் குளிசை வாங்கிப் போட்டேன். ஒரு கிழமை கழித்து இரண்டு நாள் கபில நிறமாகப் பட்டது. பத்தாம் நாள் சலம் பரிசோதித்தேன், ஒரு கோடுதான். வழமையாக 30 நாளுக்கு வருவது இப்போது 5 நாள் பிந்திவிட்டது. மார்பும் நோகிறது. கரு தங்கிவிட்டதா?
– வாசகி, உப்புவெளி

பதில்: பிந்தியதை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அவசரக் கருத்தடைக் குளிசையான லெவோநோர்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் முக்கியமாக முட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. முட்டை வெளிவந்து ஏறக்குறைய 14 நாளில்தான் பீரியட்ஸ் வரும். முன்னது 5 நாள் தள்ளினால் பின்னதும் தள்ளும். ஒரு கிழமை முந்துவதும் பிந்துவதும் பலருக்கு நடப்பதுதான். கபில நிறமாகப் பட்டதைப் பீரியட்ஸ் என்று கணக்கெடுக்காதீர்கள். ‘வந்துவிட்டது’ என்று நினைத்துப் பரிசோதனையை விட்டுவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். மார்பு நோவு குளிசையாலும் வரும், கருவாலும் வரும்.

பத்தாம் நாள் கண்ட ஒற்றைக் கோட்டை நம்ப வேண்டாம். கருப்பையில் கரு ஒட்டிய பிறகே எச்சிஜி ஹோர்மோன் சுரக்கும். அது சலத்தில் பிடிபட மேலும் சில நாள் எடுக்கும். உறவு கொண்டு 21 நாள் கழிந்த பின் செய்தால்தான் முடிவு உறுதி. உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஆகவே நாளைக் காலை முதல் சலத்தில் பாருங்கள். பரிசோதனைப் பட்டியின் காலாவதித் திகதியைப் பார்த்து, பாவிக்கும் நேரத்தில் மட்டும் அதன் உறையைக் கிழியுங்கள். நமது கடற்கரைக் காற்றின் ஈரத்தில் திறந்து வைத்த பட்டி பழுதாகிவிடும். பெட்டியில் சொன்ன நிமிடத்துக்குள் வாசியுங்கள். இரண்டாவது கோடு மங்கலாக இருந்தாலும் கருதான். காய்ந்த பிறகு தோன்றும் கோட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: குளிசைக்குப் பின் ஆணுறை இல்லாமல் சேர்ந்தீர்களா? போட்ட குளிசை அதற்குப் பிந்திய உறவுக்குக் காவல் அல்ல. தள்ளிப்போன முட்டை அந்த நாட்களில்தான் வெளிவரும். அப்படியென்றால் கடைசியாகச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள்.

ஒரு கோடே வந்து, இன்னொரு கிழமையிலும் பீரியட்ஸ் வராவிட்டால் மீண்டும் பரிசோதித்து, உங்கள் பகுதி மிட்வைஃபிடமோ வைத்தியரிடமோ காட்டுங்கள். இரண்டு கோடு வந்தால், போட்ட குளிசை பிள்ளையைப் பாதிக்காது. ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் நோ, தோள் நோ, மயக்கம் என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு உடனே போங்கள். பீரியட்ஸை வரவைக்கப் பப்பாசிக்காய், அன்னாசி, எள்ளுருண்டை எதுவும் உதவாது.

கேள்வி: வலிப்புக்குக் கார்பமசெப்பின் எடுக்கிறேன். இந்தக் குளிசை எனக்கு வேலை செய்யுமா?
– வாசகி, மூதூர்

பதில்: குறைவாகவே செய்யும். கார்பமசெப்பின், பெனிட்டோயின், காசநோய்க்கான ரிபாம்பிசின் மூன்றும் ஈரலைத் தூண்டிக் குளிசையை வேகமாக உடைத்துவிடும். உறவு கொண்டு 5 நாளுக்குள் கருப்பையில் வைக்கும் செப்பு லூப் போடுவதே மேல். இந்த மருந்துகள் அதைத் தொடாது. அது கிடைக்காவிட்டால் இரட்டை அளவு, அதாவது 3 மில்லிகிராம், 72 மணித்தியாலத்துக்குள் ஒரே தடவையில். குளிசை போட்டு 2 மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் மீண்டும் போட வேண்டும். வலிப்பு மருந்தை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.